‘முன்மொழி அறம்’ சரியா? – ப்ரீவெர்பல் மொராலிட்டிக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

குழந்தை உளவியல் சொற்பட்டியலில் ‘ப்ரீவெர்பல் மொராலிட்டி’க்கு (பேச்சு வருமுன்பே குழந்தையிடம் இருப்பதாகச் சொல்லும் நல்லது கெட்டது பற்றிய உணர்வு) நேரே ‘முன்மொழி அறம்’ என்று இருக்கிறது. இதை எடுத்துவிட வேண்டும். தீர்மானத்தை ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். அந்தப் பொருள் அவ்வளவு ஊறிப்போனபின் ‘முன்மொழி அறம்’ என்றால் யாரோ யாரையோ ஏவுவதுபோல் ஒலிக்கிறது. ‘மொழிமுன் அறம்’ என்று திருப்பிப் போடலாமா?

—

> மொழிமுன் அறம்

ஐயா, திருப்பிப் போட்டாலும் ‘முன்’ வம்பு விடாது. ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்ற விதியில் ஒற்று குறிலுக்கு அடுத்துத்தானே நிற்கிறது? கல் + எறிந்தான், கல்லெறிந்தான். இலக்கணம் படித்தவர் கண்ணுக்கு ‘மொழிமுன்’ என்பது மொழியை அடுத்து வருவது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ‘முந்திய’ என்றால் இந்தக் குழப்பம் இல்லை.

எனக்கு அதைவிட உறுத்துவது ‘மொழி’. ப்ரீவெர்பல் என்பது பேச்சு வருவதற்கு முன். ப்ரீலிங்குவிஸ்டிக் என்பது மொழியே வருவதற்கு முன். பெர்கெல்சனும் ஸ்விங்லியும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 9 மாதக் குழந்தைகள் உணவுப் பொருள், உடலுறுப்புப் பெயர்களைக் கேட்டதும் அதற்குரிய படத்தைக் கூடுதல் நேரம் பார்த்தன. வாய் திறக்கவில்லை, ஆனால் சொல் உள்ளே போய்விட்டது. மெய்யியலார் கேட்பது மொழிக்கு முன் அறச்சிந்தனை உண்டா என்று. ஆய்வகம் சோதிப்பது பேச்சுக்கு முந்திய பருவத்தை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், முதல் கேள்விக்கு இரண்டாவதன் முடிவை விடையாகக் காட்டும் கட்டுரைகளுக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகும்.

—

பேச்சு, மொழி பிரிப்பு சரி. ஆனால் ‘அறம்’ மட்டும் கேள்வியில்லாமல் உள்ளே வந்துவிட்டதே. சோதனையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

ஹாம்லின், வின், புளூம் மூவரும் 2007இல் வெளியிட்டது இது. ஒரு சரிவு. கண் ஒட்டிய மரத்துண்டு ஒன்று ஏறப் பார்க்கிறது. இரண்டு முறை சறுக்குகிறது. மூன்றாம் முறை ஒரு துண்டு கீழிருந்து உந்தி ஏற்றிவிடுகிறது, அல்லது வேறொன்று மேலிருந்து கீழே தள்ளுகிறது. குழந்தைக்கு அலுத்துப் பார்வை விலகும்வரை இரண்டு காட்சியும் மாறி மாறி வரும். பிறகு உந்தியதையும் தள்ளியதையும் குழந்தை முன் நீட்டுவார்கள். 10 மாதத்தாரில் 16 பேருக்கு 14 பேரும், 6 மாதத்தாரில் 12 பேருக்கு 12 பேரும் ஏற்றிவிட்டதைத்தான் தொட்டார்கள்.

இதில் கெடக்கூடிய இடங்கள் பல. தேர்வு நேரத்தில் தாய் கண்ணை மூடியிருக்க வேண்டும்; மடியின் சிறு சாய்வுகூடக் குழந்தையின் கையைத் திருப்பிவிடும். நீட்டுபவருக்கு எது எது என்று தெரியக்கூடாது. இடம் வலம், நிறம், வடிவம் எல்லாம் குழந்தைக்குக் குழந்தை மாற வேண்டும். பார்க்காமல் நீண்ட கை கணக்கில் சேராது. இவ்வளவும் சரியாக இருந்தும் 2012இல் நியூசிலாந்துக் குழு ஒன்று வேறொரு ஓட்டையைக் காட்டியது: ஏறிய துண்டு உச்சியில் துள்ளிக் குதிக்கிறது, குழந்தை அந்தத் துள்ளலுக்கு மயங்கியிருக்கலாம். துள்ளலைக் கீழே தள்ளும் காட்சிக்கு மாற்றியதும் குழந்தைகளின் கையும் தள்ளியதன் பக்கம் போனது. ஏறும் துண்டின் கருவிழி மேல்நோக்கி நிலையாக இல்லாவிட்டால் அது ஏறத்தான் பார்க்கிறது என்பதே புரியாது என்று ஹாம்லின் பதில் சொன்னார். 2024இல் 37 ஆய்வகங்கள் சேர்ந்து 567 குழந்தைகளின் தேர்வைக் கணக்கெடுத்தபோது, இந்த ஏற்றும், தள்ளும் காட்சிகளைப் பார்த்த குழந்தைகளில் ஏற்றிவிட்டதைத் தேர்ந்தவை 49.34 விழுக்காடு. பூவா தலையா போட்டாலும் இதுதான் வந்திருக்கும்.

ஆக, கண்ணால் கண்டது கை போன திசை. அதற்கு ‘துணைத்தேர்வு’ என்று தனிப்பெயர் கொடுங்கள். அதிலிருந்து ஊகித்ததற்கு ‘அறமதிப்பீடு’. இரண்டையும் ஒரே பதிவில் அடைக்க வேண்டாம்.

—

ஒரு திணைச் சிக்கல். பட்டியலில் ஏற்றிவிடும் துண்டு ‘உதவுநர்’, தள்ளும் துண்டு ‘தடுப்பவர்’. மரத்துண்டுக்கு ‘அர்’ விகுதி! குழந்தை அதை ஓர் ஆளாகக் காண்கிறதா, வெறும் அசைவாகவா என்பதுதானே சோதனையின் கேள்வி? விகுதியே விடை சொல்லிவிடுகிறது. ‘குழந்தை தொட்டது’ என்று குழந்தைக்கு அஃறிணை வினை போட்டு, மரத்துக்கு உயர்திணை மரியாதை கொடுப்பது வேடிக்கையும்கூட. ‘துணைப்பாத்திரம்’ என்றும் பார்த்தேன். சினிமாவில் கதாநாயகனின் நண்பன் வந்து நிற்கிறான். ‘பாவை’ பொருந்தும்: துணைப்பாவை, தடைப்பாவை. கண் இருக்கும், உயிர் இருக்கிறதா என்று சொல்லாது.

—

பாவைக்கு என் வாக்கு. அடைமொழியாக ‘பேச்சுக்கு முந்திய’ நீளம், ‘பேசாப்பருவ’ போதும். பிள்ளைத்தமிழில் செங்கீரை 5ஆம் மாதம், சப்பாணி 9ஆம் மாதம் என்று பருவக்கணக்கு ஏற்கெனவே பழகியதுதான். ஆனால் விலங்குக்கு இது ஆகாது. பக்கத்துக் கூண்டுக்குத் திராட்சையும் தனக்கு வெள்ளரித் துண்டும் கிடைத்தபோது வெள்ளரியை மறுத்த கபுச்சின் குரங்குகள் (பிராஸ்னன், டி வால், 2003) பேச்சுக்குக் காத்திருக்கும் பருவத்தில் இல்லை. அங்கே ‘மொழியிலா’. மெய்யியல் கேள்விக்கு ‘மொழிக்கு முந்திய’. மூன்றும் தனித்தனிப் பதிவு:

பேசாப்பருவ அறமதிப்பீடு
மொழியிலா அறமதிப்பீடு
மொழிக்கு முந்திய அறச்சிந்தனை

சரிவில் ஏறும் துண்டுக்கு ‘ஏறுப்பாவை’ என்று சேர்த்துவிடுகிறேன்.

—

‘ஏறுபாவை’. வினைத்தொகை, வல்லினம் மிகாது. மற்ற இரண்டு பாவைக்கும் ‘ப்’ இருக்கட்டும்.