‘நுண்குமிழ்’ என்பதற்கு மாற்றாகக் ‘கொள்பை’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள ஐயா,

வணக்கம். செல்லின் நுண்ணுறுப்புகளுக்கான சொற்பட்டியலில் வாக்குவோலுக்கு (vacuole: செல்லினுள் நீரையும் பிற பொருள்களையும் கொண்டிருக்கும், சவ்வு சூழ்ந்த உறுப்பு) ‘நுண்குமிழ்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். மாணவர் நாவில் பழகிவிட்ட ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானால் அதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும் என்னும் தங்கள் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அப்படிப்பட்ட காரணம் இந்தச் சொல்லுக்கு உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘நுண்’ என்னும் அடையை எடுத்துக்கொள்வோம். முதிர்ந்த தாவரச் செல்லில் வாக்குவோலைவிடப் பெரிய உறுப்பு வேறில்லை. பல செல்களில் அது கன அளவில் 80 முதல் 90 விழுக்காடு வரை நிரப்பிக்கொண்டு, சைட்டோபிளாசத்தையும் உட்கருவையும் சுவரோரமாக ஒதுக்கிவிடுகிறது. படத்தில் நடுப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சுட்டி ‘நுண்குமிழ்’ என்று எழுதச் சொன்னால், கூர்ந்து பார்க்கும் மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்? இளஞ்செல்களில் சிறியனவாகப் பல இருந்து, செல் வளர வளர அவை ஒன்று கலந்து பெரிதாகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த வளர்ச்சியைக் கற்பிக்கும்போதும் ‘நுண்’ என்னும் அடை குறுக்கே நிற்கிறது.

‘குமிழ்’ என்பதிலும் இடர் உண்டு. செல்லில் புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கை உறுப்பிலிருந்து மொட்டுப்போல் பிரிந்து, புரதங்களைச் சுமந்து செல்லும் மிகச் சிறிய சவ்வுருண்டைகளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்காது. அதை வாக்குவோலுக்குக் கொடுத்துவிட்டால், மேல்வகுப்பில் அவ்வுருண்டைகளைப் பற்றிப் பேசவேண்டி வரும்போது கை வெறுமையாகிவிடும். ‘நுண்குமிழ்’ என்பதை அவற்றுக்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது.

இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘புன்வெற்றிடம்’ மூலச்சொல்லுக்கு உண்மையாக நடக்கும் மொழிபெயர்ப்பு. இலத்தீனில் வெறுமையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வாக்குவோல் என்னும் பெயர் பிறந்தது. தொடக்கக்கால நுண்ணோக்கிகளில் அவ்விடம் ஒன்றுமில்லாததுபோலத் தெரிந்தது. அன்றைய பார்வையின் குறையை இன்று நாம் தமிழில் மறுபடியும் எழுதிவைக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. அங்கே இருப்பது வெற்றிடமன்று. நீரும் சர்க்கரையும் உப்புகளும் கரிம அமிலங்களும் அங்கே உள்ளன. எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலம் அதன் சாற்றுச் செல்களின் வாக்குவோல்களில்தான் தேங்கியிருக்கிறது. பல மலரிதழ்களின் சிவப்பும் நீலமும் ஊதாவும், பீட்ரூட்டின் செந்நிறமும், அங்கே கரைந்திருக்கும் நிறமிகளால் வருபவை. விதைகளில் புரதம் சேமிக்கப்படுவதும் அங்கேதான்.

இவற்றையெல்லாம்விட முதன்மையானது நீரின் வேலை. வாக்குவோல் நீரை ஏற்று விரியும்போது, செல்லின் உள்ளடக்கம் சுவரை வெளிப்புறமாக அழுத்துகிறது. மரத்தன்மை இல்லாத இளந்தண்டு நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் அந்த அழுத்தத்தால்தான். நீர் குறைந்தால் அழுத்தம் தளர்ந்து செடி வாடுகிறது. இலைத்துளையின் இருபுறமும் அமைந்த காப்புச் செல்களின் வாக்குவோல்களில் பொட்டாசியம் அயனிகள் சேர்ந்து, அவற்றைத் தொடர்ந்து நீரும் புகும்போதுதான் இலைத்துளை திறக்கிறது. செந்நிற வெங்காயத்தின் தோலை உப்புக்கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் பள்ளிச் சோதனையில், நிறமுள்ள பகுதி சுருங்கிச் சுவரைவிட்டு விலகி, நிறம் அடர்வதை மாணவர்கள் தாமே காண்கிறார்கள். கண்ணெதிரே நிறம் ததும்ப நிற்கும் ஒன்றை ‘வெற்றிடம்’ என்று குறிப்பேட்டில் எழுதச் செய்வது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

இதுவரை முன்வைக்கப்பட்ட மாற்றுகளில் ‘சாற்றறை’ அழகான சொல். எனினும் செல்லையே ‘கண்ணறை’ என்று வழங்குவோர் உண்டு; இதயத்துக்கும் அறைகள் உண்டு; அறை என்றாலே உறுதியான சுவர் நினைவுக்கு வருகிறது. ‘நீர்ப்பை’ உள்ளடக்கத்தை நீராகவே குறுக்கிவிடுகிறது. ‘சேமப்பை’ தாவரத்துக்குப் பொருந்தினாலும், மிகுதியான நீரைச் சேர்த்துச் சேர்த்து வெளியேற்றும், பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியின் சுருங்கும் வாக்குவோலுக்குப் பொருந்தாது. அது சேமிப்புக்கு நேர்மாறான தொழிலைச் செய்கிறது.

எனவே ‘கொள்பை’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். ‘கொள்கலம்’ என்பதன் வழியில் அமைந்த வினைத்தொகை இது. கொள்கலம் என்றே வைத்துவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் இலங்கைத் தமிழில் செல்லுக்குக் ‘கலம்’ என்பதே பெயராகையால், அங்குள்ள மாணவர் அதை ஒருவகைச் செல் என்று பொருள்கொள்ள நேரிடும். இருநாட்டு மாணவருக்கும் தடுமாற்றம் தராத சொல்லே நமக்கு வேண்டும்.

‘கொள்’ என்பது தானியத்தையும் குறிக்குமே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். முள்ளும் புதரும் சேர்ந்து முட்புதர் ஆவதைப்போல, பெயர்ச்சொல்லாகிய கொள் பையோடு வேற்றுமையில் புணர்ந்தால் ‘கொட்பை’ என்றாகும். திரியாமல் நிற்பதே இது வினை என்பதற்கு அடையாளம்.

இதைவிடக் கனமான மறுப்பு, இரைப்பை, பித்தப்பை, மகரந்தப்பை என்று ‘பை’ எல்லாம் பல செல்களாலான உறுப்புகளைக் குறிக்கிறதே என்பது. அதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் பை என்பது அளவைச் சொல்லவில்லை. மெல்லிய உறையும் அதனுள் அடங்கிய பொருளுமாகிய வடிவத்தையே சொல்கிறது. வாக்குவோலின் வடிவமும் அதுவே. முதன்முதலாக அறிமுகம் செய்யும் வகுப்பில் மட்டும் ‘செல்லின் கொள்பை’ என்று எழுதிவிட்டால் குழப்பம் நேராது.

தொகைச்சொற்களும் இயல்பாக அமைகின்றன: அமீபாவில் உணவுக் கொள்பை, பாரமீசியத்தில் சுருங்கும் கொள்பை, தாவரச் செல்லில் நடுக் கொள்பை. அதைச் சூழ்ந்த சவ்வுக்கு 1885இல் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் இட்ட டோனோபிளாஸ்ட் என்னும் பெயரைக் ‘கொள்பைச் சவ்வு’ என்று தெளிவாகச் சொல்லிவிடலாம்.

வரையறையை இவ்வாறு அமைக்கலாம் என்று கருதுகிறேன்: “கொள்பை என்பது செல்லினுள் ஒற்றைச் சவ்வால் சூழப்பட்டு, நீரையும் கரைபொருள்களையும் பிற பொருள்களையும் கொண்டிருக்கும் நுண்ணுறுப்பு, தாவரச் செல்லில் இது பெரியதாகவும் நிலையானதாகவும், விலங்குச் செல்லில் இருக்குமாயின் சிறியதாகவும் இருக்கும்.” இதில் திருத்தம் இருந்தால் தெரிவியுங்கள். சொல் ஏற்கப்படுமானால், பழைய நூல்களைப் படிக்கும் மாணவர் தடுமாறாமலிருக்க, நுண்குமிழ், புன்வெற்றிடம் ஆகிய இரண்டையும் சில ஆண்டுகளுக்கு அதனருகிலேயே குறித்துவர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.