மா காய்ப்பும் குறையுது, பறிச்ச பழமும் அஞ்சாறு நாள்ல அழுகுது, எங்க தப்பு பண்றேன்?

இளந்தோப்பு:
வணக்கம். என்கிட்ட மூணு ஏக்கர்ல மா இருக்கு, எல்லாம் 18 வருஷத்து மரம், வேலி ஓரமா ஒரு 60 கொய்யாவும் இருக்கு. அப்பா பாத்துட்டு இருந்த தோப்பு, ரெண்டு வருஷமா நான்தான் பாக்குறேன். போன வருஷம் கிளை தாங்காத அளவுக்கு காய்ச்சுது, இந்த வருஷம் அதுல பாதி கூட இல்ல, பல மரத்துல ஒரு பக்கம் மட்டும்தான் பூவே வந்துச்சு. மரம் எல்லாம் ரொம்ப உயரமா போயிடுச்சு, ஒண்ணோட ஒண்ணு கிளை முட்டிக்கிட்டு நிக்குது, உள்ள போனா பகல்லயே இருட்டா இருக்கு.

காய் பெருசாகட்டும்னு பிஞ்சு விட்டதுக்கு அப்புறம் ரெண்டு தடவை யூரியா போட்டேன். காய் பெருசாத்தான் வந்துச்சு, ஆனா பறிச்சு அஞ்சாறு நாள்ல காம்புகிட்ட கறுத்து உள்ள கொழகொழன்னு ஆயிடுது, தோல்ல கரும்புள்ளி வேற பரவுது. போன வருஷம் தெரிஞ்சவர் ஒருத்தரோட குளிர் அறையில 5 டிகிரில பத்து நாள் வச்சேன், வெளிய எடுத்ததும் தோல் சாம்பல் நிறமா மாறி, பழுக்கவே இல்லாம அப்படியே வீணாப் போச்சு, ஒரு லோடு முழுக்க கொட்டினேன். இப்போ கடன் வாங்கி சொந்தமா ஒரு குளிர் அறை போட்டுடலாமானு யோசிச்சுட்டு இருக்கேன். அதுக்கு முன்னாடி அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

கவாத்துக்கத்தி:
தம்பி, குளிர் அறைய கொஞ்ச நாள் தள்ளி வைங்க. பழம் எத்தனை நாள் தாங்கும்ங்கறது முக்கால்வாசி மரத்துலயே முடிவாயிடுது, பறிச்சதுக்கு அப்புறம் நாம என்ன பண்ணினாலும் பழத்தோட தரத்த ஏத்த முடியாது, இருக்கறது கெடாம கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான். மோசமான பழத்த குளிர் அறையில வச்சா மெதுவா கெடும், ஆனா கெடத்தான் செய்யும்.

மொதல்ல காய்ப்பு விஷயம். மா பூக்கறது நுனிக்கிளையில, அதுவும் முத்துன நுனியில மட்டும்தான். போன வருஷம் அவ்வளவு காய்ச்சப்போ மரம் சேத்து வச்ச சத்து எல்லாத்தையும் காய்க்கே குடுத்துடுச்சு, அறுவடை முடிஞ்சு அது புதுத் தளிர் விடவே லேட்டாயிருக்கும், அந்தத் தளிர் முத்தறதுக்குள்ள பூக்குற காலம் வந்திருக்கும். அதனாலதான் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்குது. இத முழுசா நிறுத்த முடியாட்டியும் நல்லாவே குறைக்கலாம். அறுவடை முடிஞ்ச கையோட, ரெண்டு மூணு வாரத்துக்குள்ள கவாத்து பண்ணிடுங்க. காய்ச்ச நுனிய கொஞ்சம் வெட்டி விடுங்க, காஞ்சது, நோய் வந்தது, உள்பக்கமா குறுக்க போறது எல்லாம் எடுங்க, நடுவுல செங்குத்தா போற ஒண்ணு ரெண்டு பெரிய கிளைய எடுத்தா வெயில் உள்ள இறங்கும். அதே சமயம் தொழு உரமும் அந்த வருஷத்து உரத்துல பெரும்பங்கும் குடுத்து தண்ணி விடுங்க. உரத்த தூர்ல கொட்டாதீங்க, சத்து எடுக்குற சின்ன வேர் எல்லாம் கிளையோட நிழல் விழுற வட்டத்தோட ஓரத்துலதான் அதிகம் இருக்கும், அங்க போட்டு மண்ணு மூடி மேல காஞ்ச இலை, வைக்கோல்னு மூடாக்கு போட்டுடுங்க.

கொய்யா வேற மாதிரி, அது புதுசா வர்ற தளிர்லயே பூக்கும். அதனால அதை வெட்ட வெட்ட காய்க்கும், பயப்படாம வெட்டலாம்.

பிஞ்சு விட்டப்புறம் யூரியா போட்டீங்க பாருங்க, அதுதான் எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. காய் பெருக்குற நேரத்துல யூரியாவுல இருக்கற தழைச்சத்து அதிகமானா பழம் தண்ணியா, தளர்வா வரும், தோல் பச்சை மாறாது, பூஞ்சாணத்துக்கு சுலபமா இடம் குடுக்கும். அந்த நேரத்துல சாம்பல்சத்து, அதான் பொட்டாஷ், குடுத்திருந்தா வேற கதை. எதுக்கும் மண்ணையும் இலையையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டு அளவு முடிவு பண்ணுங்க, கண்ண மூடிட்டு போடுற உரம் எல்லாமே இப்படித்தான் திரும்பி அடிக்கும்.

பழக்கிடங்கு:
மேல அண்ணன் சொன்னது சரி, நான் பறிச்சதுக்கு அப்புறம் நடக்கறத சொல்றேன், நான் வேலை பாக்கறதே கிடங்குல.

உங்க 5 டிகிரி மாங்கா கெட்டதுக்குக் காரணம் அறை இல்ல, டெம்பரேச்சர். மா வெப்ப மண்டலப் பழம், முத்தின பச்சைக் காய 10 டிகிரிக்கு கீழ சில நாள் வச்சாலே குளிர் காயம் வந்துடும், தோல் சாம்பல் ஆகும், குழி குழியா விழும், வெளிய எடுத்தா பழுக்காது, வாசனையே வராது. மாவுக்கு 12, 13 டிகிரி, வாழைக்கு 13, 14, கொய்யாவுக்கு 8ல இருந்து 10. ஆப்பிள், திராட்சை எல்லாம் பூஜ்யத்துக்கு பக்கத்துல வைக்கலாம், அத பாத்துட்டு எல்லாப் பழத்தையும் ஒரே குளிர்ல வைக்கறவங்க நிறைய பேர், உங்க லோடும் அப்படித்தான் போயிருக்கு. ஈரப்பதமும் 85லருந்து 90 சதவீதம் இருக்கணும், இல்லைனா தோல் சுருங்கிடும். அந்த டிகிரில வச்சா நல்ல காய் ரெண்டுலருந்து மூணு வாரம் தாங்கும்.

ஆனா அறைய விட முக்கியம் பறிக்கற அன்னைக்கு நடக்கறது. பறிச்ச பழமும் மூச்சு விடுது, பத்து டிகிரி சூடு ஏறினா அந்த மூச்சு வேகம் ரெண்டு மூணு மடங்கு ஆகுது, அதாவது வெயில்ல குவிச்சு வச்ச ஒரு மதியம் நிழல்ல இருக்குற ஒரு முழு நாளைக்கு சமம்னு வச்சுக்கங்க. பனி காஞ்சதும் காலைல பறிங்க, உடனே நிழல், சாக்கு வேண்டவே வேண்டாம், காத்துப் போற பிளாஸ்டிக் கிரேட்ல அடியில பேப்பர் போட்டு வைங்க. உலுக்கி கீழ விழ வைக்கற காய தனியா வச்சுடுங்க, வெளிய ஒண்ணும் தெரியாது ஆனா அடிபட்ட இடத்துலருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும், அது கூட இருக்கற நல்ல காயையும் சீக்கிரம் பழுக்க வச்சுடும். பழுக்கற பழம் எத்திலீன்னு ஒரு வாயுவ விடும், 1934லயே கேன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி ஆப்பிள வச்சு இத நிரூபிச்சாரு, அதனால பழுத்தத பச்சைக்காயோட ஒரே அறையில வைக்காதீங்க.

காம்ப அஞ்சு சென்டிமீட்டராவது விட்டு வெட்டணும். வலை கட்டின அலக்குல, அதாவது பழம் பறிக்கற நீளக் கம்புல, கத்தி வச்சு வெட்டி எடுங்க. அப்புறம் நிழல்ல வச்சு காம்ப ஒட்ட வெட்டி, காய தலைகீழா கவுத்து பால் முழுக்க வடியற வரைக்கும் விடுங்க, அந்தப் பால் தோல்ல பட்டா பட்ட இடம் எரிஞ்சு கறுத்துடும்.

முத்துச்சா இல்லையான்னு எப்படி பாக்குறீங்க? காம்புக்கு ரெண்டு பக்கமும் தோள் எழும்பி வந்திருக்கணும். சந்தேகம்னா தண்ணித் தொட்டில போட்டுப் பாருங்க, முத்தின காய் முங்கும், முத்தாதது மிதக்கும்.

இளந்தோப்பு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணா படிக்கும்போது நான் பண்ணினது எல்லாமே கண்ணு முன்னாடி வருது. உலுக்கித்தான் பறிச்சோம், சாக்குலதான் கட்டினோம், காம்பு எல்லாம் கையாலயே திருகி எடுத்தோம். இன்னும் ரெண்டு சந்தேகம். பறிச்ச பழத்த மருந்துத் தண்ணில முக்கி எடுத்தா கரும்புள்ளி வராதுன்னு சொல்றாங்க, அது வேலை செய்யுமா? அப்புறம் கால்சியம் அடிச்சா பழம் கெட்டியா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, மண்ணுல சுண்ணாம்பு போட்டா போதாதா?

இலைநரம்பு:
கால்சியம் பத்தி நான் சொல்றேன், நானே இதுல ரெண்டு சீசன் ஏமாந்தவன். கால்சியம் வேர்லருந்து தண்ணியோட சேந்துதான் மேல ஏறும், எங்க நீர் அதிகமா ஆவியாகுதோ அங்கதான் போகும், அதாவது இலைக்கு. காய்ல ஆவியாகறது கம்மி, அதனால காய்க்கு கொஞ்சம்தான் கிடைக்கும், அதுவும் பிஞ்சா இருக்கற ஆரம்ப வாரங்கள்லதான். இலைக்குப் போனது திரும்பி காய்க்கு வராது. மண்ணுல எவ்வளவு இருந்தாலும் காய்ல குறைஞ்சு போறது இதனாலதான். யூரியா போட்டு இலைய தழைய விட்டா அந்த இலையே கால்சியத்த இழுத்துக்கும், உங்களுக்கு அதுவும் நடந்திருக்கு. கால்சியம்தான் செல் சுவர ஒண்ணோட ஒண்ணு கட்டிப் பிடிக்கறது, அது குறைஞ்சா பழம் சீக்கிரம் தளரும். அதனால கால்சியம் குளோரைட அரை சதவீதக் கரைசலா, காய் மேலயே நனையற மாதிரி பிஞ்சுப் பருவத்துல ஒண்ணும் அப்புறம் இடைவெளி விட்டு ஒண்ணு ரெண்டும் அடிங்க. சாயந்தரம் அடிங்க, உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகும், மொதல்ல ரெண்டு மரத்துல அடிச்சுப் பாத்துட்டு மத்ததுக்கு போங்க.

கரும்புள்ளி வந்து ஆந்த்ராக்னோஸ் பூஞ்சாணம். அது பூவுலயும் பிஞ்சுலயுமே உள்ள புகுந்து சும்மா உக்காந்திருக்கும், பச்சைக்காய்ல ஒண்ணுமே தெரியாது, பழுக்க ஆரம்பிச்சதும் எழுந்திருக்கும். நீங்க பறிச்சப்புறம் பாக்குற நோய் மூணு மாசம் முன்னாடி வந்தது. அதனால காஞ்ச குச்சி, கறுத்த பூங்கொத்து, கீழ விழுந்த பழம் எல்லாத்தையும் எடுத்து அழிக்கறதுதான் பாதி வைத்தியம், வெயிலும் காத்தும் உள்ள போனா மீதி. முழுப் பூ விரிஞ்சிருக்கற நேரத்துல பூச்சி மருந்து அடிக்காதீங்க, மாவுக்கு மகரந்தம் சேக்கறதே ஈயும் தேனீயும்தான்.

பறிச்சப்புறம்னா வெந்நீர் போதும், மருந்து வேண்டாம். 52 டிகிரி தண்ணில அஞ்சு நிமிஷம், பறிச்ச அன்னைக்கே. தெர்மாமீட்டர் இல்லாம செய்யவே கூடாது, சூடு கொஞ்சம் கூடினா தோல் வெந்துடும், முத்தாத காய்க்கு இது ஆகவே ஆகாது. எடுத்ததும் சுத்தமான பச்சைத் தண்ணில ஆற வச்சு, ஈரம் காஞ்சதும் கிரேட்ல அடுக்குங்க.

பழைய வேர்:
எல்லாரும் நல்லா சொல்லிருக்கீங்க, கவாத்துல மட்டும் எனக்கு ஒரு பயம் இருக்கு. 18 வருஷ மரத்துல ஒரே வருஷத்துல நிறைய எடுத்துடாதீங்க. நான் ஆர்வத்துல ஒரே தடவையில பாதிக்கு மேல கழிச்சேன், மரம் இலையும் குச்சியுமா தள்ளுச்சு, ரெண்டு வருஷம் பூவே இல்ல, வெயில் நேரா பட்டு பெரிய கிளையோட பட்டையும் வெடிச்சுது. ஒரு மரத்துல கால் பங்குக்கு மேல தொடாம, மூணு வருஷத்துல பிரிச்சு பண்ணுங்க, தோப்புல மூணுல ஒரு பங்கு மரத்த மட்டும் முதல் வருஷம் எடுங்க. பெரிய வெட்டுக் காயத்துல பூஞ்சாணம் புகாம இருக்க போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவிடுங்க, வெளிய தெரியற பெரிய கிளைக்கு சுண்ணாம்பு அடிங்க. பூக்க வைக்கறேன்னு யாராவது பேக்லோபூட்ரசால்ங்கற வளர்ச்சிய அடக்கற மருந்த ஊத்த சொன்னா இப்போதைக்கு கேக்காதீங்க, அது மண்ணுல ரொம்ப நாள் தங்கும், நோஞ்சான் மரத்துக்கு ஊத்தினா இருக்கற வளர்ச்சியும் நின்னுடும்.

கவாத்துக்கத்தி:
பழைய வேர் அண்ணன் சொன்னத நான் ஏத்துக்கறேன், நடுக்கிளைய எடுக்கறதையும் அந்த மூணு வருஷக் கணக்குல வச்சுக்கங்க தம்பி. ஆனா நுனி வெட்டறதும் காஞ்சது எடுக்கறதும் எல்லா மரத்துக்கும் இந்த வருஷமே பண்ணுங்க, அதுல நஷ்டம் இல்ல.

இளந்தோப்பு:
சரிங்கண்ணா, அப்படியே பண்றேன். குளிர் அறை இந்த வருஷம் இல்ல. கிரேட், வலை அலக்கு, தெர்மாமீட்டர் மூணும் வாங்கறேன், முதல் பங்கு மரங்களுக்கு பெயிண்ட்ல குறி போட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு, கொய்யாவுல பழ ஈ ரொம்ப, உள்ள புழு. அதுக்கும் சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

பழக்கிடங்கு:
கொய்யா எலுமிச்சை சைசுக்கு வந்ததும் ஒவ்வொண்ணுக்கும் பேப்பர் பை கட்டிடுங்க, 60 மரம்தானே, முடியும். மெத்தில் யூஜினால்ங்கற வாசனை மருந்து வச்சு ஈய இழுக்கற பொறி வைங்க, ஆனா அதுல ஆண் ஈ மட்டும்தான் விழும், அது மட்டும் போதாது. விழுந்த பழத்த தினமும் பொறுக்கி, கெட்டியான பிளாஸ்டிக் பைல இறுக்கக் கட்டி வெயில்ல போடுங்க, உள்ளயே புழு செத்துடும். மண்ணுல விட்டா புழு இறங்கி கூட்டுப்புழுவாகி ஒண்ணு ரெண்டு வாரத்துலயே ஈயா திரும்ப வரும்.