பாங்காக்கில் ‘அரண்மனை இன்று மூடியிருக்கிறது’ என்று சொன்னவர்கள்

கிராண்ட் பேலஸ் மதிலோரமாக நடந்துகொண்டிருந்தோம். ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஏதோ ஓர் அடையாள அட்டை, பேச்சில் அவ்வளவு மரியாதை. “காலையில பூஜை நடக்குது சார், வெளிநாட்டுக்காரங்களை மதியத்துக்கு மேலதான் விடுவாங்க” என்றார். அதுவரை பார்ப்பதற்கென்று எங்கள் வரைபடத்திலேயே சில கோயில்களை வட்டமிட்டும் கொடுத்தார். பக்கத்தில் டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) தயாராக நின்றது. எல்லா இடத்துக்கும் சேர்த்து 20 பாட் (தாய்லாந்து நாணயம்)!

அந்த 20 பாட்தான் இடித்தது. அவ்வளவு சுற்றுக்கு அது பெட்ரோலுக்கே காணாது. ஓட்டுநருக்கு வருமானம் வழியில் நிறுத்தும் நகைக்கல் கடையிலும் தையல் கடையிலும் இருக்கிறது. ஆளைக் கூட்டி வந்தால் பெட்ரோல் கூப்பன், நாம் எதையாவது வாங்கினால் கமிஷன். கோயிலில் ‘தற்செயலாக’ இன்னொருவர் பேச்சுக் கொடுப்பார். அரசாங்கத்தின் சிறப்பு விற்பனை இன்றோடு முடிகிறது, கல்லை ஊருக்குக் கொண்டுபோனால் இரட்டை விலைக்குப் போகும் என்பார். அவரும் அதே கூட்டணிதான்.

சிரித்துவிட்டு நேரே வாசலுக்குப் போனோம். டிக்கெட் கவுன்ட்டரில் கூட்டம் அலைமோதியது. வழக்கமாகக் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட் தருகிறார்கள், வெளிநாட்டவருக்கு 500 பாட். அரச குடும்ப நிகழ்ச்சிகளுக்காக நிஜமாகவே மூடும் நாட்களும் உண்டு. பொய் எடுபடுவதே அதனால்தான். அரண்மனையின் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இல்லையா, மூடியிருப்பதை வாசல் காவலரே சொல்லட்டும்.

*

‘மூடியிருக்கிறது’ மாதிரியே ஒரு பொய்யை எனக்குப் படகுத்துறையில் சொன்னார்கள். தா தியன் துறையிலிருந்து வாட் அருண் கோயிலுக்கு ஆற்றைக் கடக்கப் பொதுப் படகு உண்டு, கட்டணம் சில பாட்தான். துறைக்குள் நுழையும் முன்பே ஒருவர் வழிமறித்து, “அந்தப் படகு இன்னைக்கு ஓடலை” என்று தனிப்படகுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்தப் படகு வந்து ஆட்களை இறக்கியது. மனிதர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. அதை மட்டும் ரசித்தேன்.

*

கடற்கரை ஊரான பட்டாயா போய் ஜெட் ஸ்கி (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் “இந்தக் கீறல் நீங்க போட்டது” என்று பெரிய தொகை கேட்பது அங்கே பழைய கதை. என் மைத்துனன் ஏறுவதற்கு முன்பே அடிப்பகுதி உட்பட சுற்றிலும் வீடியோ எடுத்தான். அதைப் பார்த்த ஆள் வாடகைக்கே தர முடியாது என்று சொல்லிவிட்டார்! அப்புறம், ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். தகராறு முற்றினால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, ஆங்கிலத்திலேயே பேசலாம்.