ஜனவரியிலேயே நாற்றுக்கு விதை போடலாமா?

மண்வெட்டி: லண்டனில் மூன்று வருஷம் காத்திருந்து ஒருவழியாக அலாட்மென்ட் (காய்கறி பயிரிட வாடகைக்குத் தரும் சிறு நிலம்) கிடைத்துவிட்டது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் இப்போதே ஜன்னலோரம் விதை போடலாமா? போன வருஷம் பால்கனிக்காகப் போட்ட தக்காளி நூல் மாதிரி நீண்டு, கண்ணாடிப் பக்கமே சாய்ந்து செத்துப்போனது.

கத்தரிப்பூ: மிளகாயும் கத்தரியும் போடுங்கள், இரண்டும் ஆமை வேகம். தக்காளியை மார்ச் நடுவில் போட்டால் போதும், இப்போதே போட்டால் வெளியே நடும்வரை அதை வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்க முடியாது. நூலாக நீண்டது வெளிச்சம் போதாமல்தான்.

பழைய தோட்டக்காரன்: மிளகாய் முளைக்க 20 முதல் 25 டிகிரி சூடு வேண்டும். நான் தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு ஹீட்டர் பக்கத்தில் வைப்பேன், முளை தலைகாட்டியதுமே தெற்கு ஜன்னலுக்கு மாற்றிவிடுவேன். தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள், தட்டில் ஊற்றினால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால் தண்டு அடியில் அழுகிச் சரிந்துவிடும்.

மண்வெட்டி: சரி அண்ணா. அப்புறம் வெளியே நடுவது எப்போது?

பழைய தோட்டக்காரன்: மே கடைசி. அதற்கு முன் பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்குங்கள். ஒரு வருஷம் வெயிலைப் பார்த்து மே தொடக்கத்திலேயே நட்டேன், ஒரே இரவு உறைபனியில் 12 கன்றும் கறுத்துப்போயின. மனைவி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.