மறுதொற்று வேண்டாம், மீள்கிளர்வு எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

உடலுக்குள் அடங்கிக் கிடந்த கிருமி திரும்ப எழுவதை ஆங்கிலத்தில் 'ரியாக்டிவேஷன்' என்கிறார்கள். அதற்கு நம் மருத்துவச் சொற்பட்டியலில் 'மறுதொற்று' என்று இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுவோம்.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தங்கை சிறுநீரகம் கொடுத்தார். பல மாதம் கழித்து ரத்தத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி தென்பட்டது. கையில் கிடைத்த துண்டறிக்கையில் 'மறுதொற்று'. உடனே வீட்டில், யாரிடமிருந்து தொற்றியது என்ற பேச்சு. கொடுத்த தங்கையையே சந்தேகப்பட்டார்கள். அண்ணன் தேநீர் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்ததை நானே பார்த்தேன். சேர்ந்து சாப்பிடுவதால் பரவும் நோயே அல்ல இது!

நடப்பது வேறு. என்றோ வந்த கிருமியின் மரபுப்பொருள் கல்லீரல் செல்லின் கருவுக்குள் வளையமாகத் தங்கிவிடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அதை அடக்கி வைத்திருக்கும். மாற்றிய உறுப்பை உடல் தள்ளிவிடாமலிருக்க டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைக் கொடுக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது, கிருமி பெருகுகிறது. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதன் தடுப்பூசி 1989இல்தான் வந்தது. அண்ணன் அதற்கு வெகு முன்பே பிறந்தவர், கிருமி அவருக்குள் எப்போதோ வந்திருக்கலாம்.

'மறுதொற்று' நல்ல சொல்தான், அதன் இடம் வேறு. ஹெபடைடிஸ் சி மாத்திரையில் குணமானவருக்கு வெளியிலிருந்து திரும்பவும் அதே கிருமி வந்தால், அது மறுதொற்று. உறுப்பு கொடுத்தவரிடமிருந்து வந்தால் 'கொடையாளர்வழித் தொற்று'.

'ரியாக்டிவேஷன்' என்பதற்கு நம் குழுவின் பினாங்கு ஐயா சொன்ன 'மறுசெயலாக்கம்' எனக்கு ஒட்டவில்லை. ஆக்கம் என்றாலே ஆக்குபவர் ஒருவர் வேண்டும். 'மீளுயிர்ப்பு' என்றால் தேவாலயம் நினைவுக்கு வரும். தவிர, கிருமி செத்திருந்தால்தானே உயிர்க்க?

நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான் இது. கிளறினால் நாம் கிளறுகிறோம். கிளர்ந்தால் அதுவே எழுகிறது. ஆகவே 'மீள்கிளர்வு'. துண்டறிக்கையில் வைத்துப் பாருங்கள்: "உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்குப் பழைய ஹெபடைடிஸ் பி மீள்கிளர்வு அடையலாம். கிருமியை அடக்கும் என்டெகாவிர் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்." செந்தூல் அக்காமார் இருவரிடம் வாசித்துக் காட்டினேன். "உள்ளேயே இருந்தது திரும்ப எழும்புது, அப்படித்தானே?" என்றார்கள்.

அப்புறம், கிருமி உள்ளே அடங்கிக் கிடக்கும் நிலைக்கு 'உறைதொற்று' என்று யோசித்தேன். உறைதல் என்றால் தங்குதல்தான், ஆனால் ஐஸ்பெட்டி ஞாபகமும் வருகிறதே. பினாங்கு ஐயா, உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றுகிறதா?