புதுப்பிப்பு: மிதவை டாங்கி துள்ளின பிரச்சினை தீர்ந்தது

என்னுடைய வியூக விளையாட்டில் மிதவை டாங்கி (தரைக்கும் தண்ணீருக்கும் சற்று மேலே மிதந்து போகும் டாங்கி) தண்ணீர்க்கரையைத் தாண்டும்போது தவளை மாதிரித் துள்ளுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முதலில் டாங்கியை மேலே தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் விசையைக் குறைத்துப் பார்த்தேன், டாங்கியின் வயிறு தரையில் தேய்ந்ததுதான் மிச்சம். சரிவந்தது நான்கு மூலையிலும் கீழ்நோக்கி ஒவ்வொரு ரேகாஸ்ட் (தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத கோடு) விட்டு ஸ்பிரிங்கோடு டாம்பிங்கும் (துள்ளலைத் தணிக்கும் விசை) சேர்க்கச் சொன்ன யோசனைதான். நான் நடுவில் ஒன்றே ஒன்று விட்டிருந்தேன், டாம்பிங் பூச்சியம். தண்ணீர்ப் பரப்பும் ரேகாஸ்டில் படவேண்டும், இல்லாவிட்டால் அது குளத்தின் அடியைத் தொட, டாங்கி மூழ்கும்.

எதிர்பாராத ஒன்று: சுட்டவுடன் பின்னால் வழுக்கிக்கொண்டே போனது. தரையைத் தொடாத வண்டிக்கு உராய்வு ஏது? கிடைமட்ட வேகத்துக்குத் தனியாக இழுவை போட்டேன், 0.9 வைத்தால் சாதாரண டாங்கி மாதிரி ஆகிவிடுகிறது, 0.4 போதும்.

அப்புறம், கிளிநொச்சி இரணைமடுக் குளத்தைப் பார்த்துக் கீறின வரைபடத்தில் மிதவை டாங்கி குளக்கட்டுச் சரிவில் ஏறமாட்டாமல் இறங்கிவிடுகிறது. அதைத் திருத்தவில்லை, சங்கிலி டாங்கிக்கும் ஒரு வேலை வேண்டுமே. விளையாடிப் பார்த்த தம்பி சொன்னது: “அண்ணை, மாரிக்கு வயலுக்குள்ள இறங்கின லான்ட்மாஸ்டர் மாதிரி இருக்கு.” (லான்ட்மாஸ்டர் என்றால் இரண்டு சக்கர உழவு இயந்திரம்.)