டொமெய்ன் வாங்கி விற்பது: 20 பெயரை ஒரேயடியாக எடுக்கலாமா?

பரந்தன்சந்தி:
வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறன். டொமெய்ன் பெயர்களை, அதாவது இணையத்தள முகவரிகளை, வாங்கி வைத்து விற்க யோசனை. வன்னி, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகியவற்றோடு அரிசி, இறால், தேன், ஹோட்டல் எல்லாம் சேர்த்து 20 பெயர் எழுதி வைத்திருக்கிறன். அத்தனையும் டொட் கொம்மில் காலியாக இருக்கு. இருபதையும் எடுக்கலாமோ? வேறொரு நல்ல பெயர் காலாவதியாகிப் பத்து நாள் ஆகுது, ஆனால் பதிய விடுகுதில்லை. ஏன்? விற்றால் காசு எப்படி இங்கே வந்து சேரும்?

குளக்கட்டு:
இருபது வேண்டாம். இரண்டு, மிஞ்சினால் மூன்று.

டொட் கொம்மை நடத்தும் வெரிசைன் நிறுவனம், பெயர்களைப் பதிந்து விற்கும் நிறுவனங்களிடம் எடுக்கும் மொத்த விற்பனை விலையை 2024 செப்டெம்பரில் 10.26 டொலராக்கியது. அதற்குக் கீழே யாராவது தந்தால் அது முதல் வருடத்துக்கு மட்டும்தான், புதுப்பிக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பெயருக்கு 12 டொலர், டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே இருபதுக்கும் 72,000 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும் அடுத்த வருடம் திரும்பவும் அதே 72,000. நூறு பெயர் வைத்திருந்தால் வருடத்தில் ஒன்றோ இரண்டோ போகும் என்பதுதான் இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

பட்டியலைக் கழிக்க ஒரு வழி இருக்கிறது. பெயரைப் போனில் சொல்லி மூன்று பேரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். வன்னியை ஒருவர் 'வி' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டபிள்யூ' போடுவார். கிளிநொச்சியில் 'சிஎச்' அடுத்தடுத்து இரண்டு தடவை வரும், அதில் ஒன்றை விட்டுவிடுவார்கள். முல்லைத்தீவில் 'டி' ஒன்றா இரண்டா என்று கேட்பார்கள். மூவரில் இருவர் பிழையாக எழுதினால் அந்தப் பெயரைக் கைவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

மிஞ்சுகிற ஒவ்வொன்றுக்கும், அதை வாங்கக்கூடிய பத்துத் தொழில்களைப் பெயர் சொல்லி எழுத முடிகிறதா பாருங்கள். அரிசி ஆலை, கடலுணவு ஏற்றுமதி, வவுனியா விடுதி என்று எழுதிக்கொண்டு போகலாம். நான்கோடு நின்றுவிட்டால் சந்தை இல்லை. ஏற்கெனவே நடக்கும் ஒரு கடையின் பெயரையோ கொம்பனி முத்திரையையோ எடுத்து அவர்களுக்கே விற்கப் பார்க்காதீர்கள். அது நியாயமும் இல்லை, நிற்கவும் நிற்காது. டொமெய்ன் பெயர்களுக்கு விதி வகுக்கும் அமைப்பான ஐகானின் யுடிஆர்பி என்ற பிணக்குத் தீர்க்கும் விதி 1999 முதல் இருக்கிறது. கெட்ட நோக்கத்தோடு பதிந்தது நிரூபணமானால் ஒரு சதமும் இல்லாமல் பெயர் முத்திரைக்காரரிடம் போய்விடும்.

மாங்குளம்_நெட்:
காலாவதிக் கேள்விக்கு என் பதில். திகதி முடிந்ததும் பெயர் வெளியே வராது. பழைய உரிமையாளர் வழமையான விலையில் புதுப்பிக்கப் பதிவாளர் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) 45 நாள் வரை விடலாம். பிறகு மீட்புக் காலம் 30 நாள், அபராதம் கட்டினால் அப்போதும் அவருக்கே. கடைசி 5 நாள் யாராலும் தொட முடியாது, அது முடிந்துதான் திறபடும். ஆகக் கூடியது 80 நாள்.

ஆனால் நல்ல பெயர் அதுவரை வராது, பெரிய பதிவாளர்கள் முதல் கட்டத்திலேயே ஏலத்துக்குப் போட்டுவிடுவார்கள். ஐகானின் தேடல் பக்கமான ஐகான் லுக்கப்பில் பெயரைப் போட்டு அது எந்தப் பதிவாளரிடம் இருக்கிறது என்று பார்த்து, அவர்களின் ஏலப் பக்கத்தைக் கவனியுங்கள்.

ஏலம் கேட்க முன்னர், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பெயரின் பழைய பக்கங்களை வருடம் வருடமாகத் திறந்து பாருங்கள். இடையில் சூதாட்ட விளம்பரமோ மருந்து விற்பனையோ ஓடியிருந்தால், கூகுள் தேடலிலும் மின்னஞ்சலிலும் அந்தக் கறை ஒட்டியிருக்கலாம்.

ஓமந்தை_அக்கா:
காசு விசயம் நான் சொல்லுறன். பேபாலை நம்பி விலை பேசாதேங்கோ, இலங்கைக் கணக்கால் அனுப்பலாமே தவிர, வாங்கும் வசதி நெடுங்காலம் இல்லாமலே இருந்தது, இப்ப எப்படி என்று முதலில் பாருங்கோ. எஸ்க்ரோ டொட் கொம் மாதிரி நடுவர் சேவை நல்லது. வாங்குபவர் முதலில் அவர்களிடம் கட்டுவார், கட்டியாச்சு என்று அறிவிப்பு வந்த பிறகுதான் நீங்கள் பெயரை மாற்ற வேணும், அவர் ஏற்றதும் உங்கட வங்கிக்கு அனுப்புவினம். அறிவிப்பு மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அமத்தாமல், முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கோ. அச்சு அசலாக அதே மாதிரிப் போலித் தளங்கள் இருக்கு. செடோ, அஃப்டெர்னிக் போன்ற சந்தைகளில் போட்டால் கழிவு பிடிப்பார்கள், அதையும் விலைக்குள்ளே சேருங்கோ.

இன்னொன்று. பெரிய விலை சொல்லிவிட்டு, "முதலில் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுங்கள்" என்று ஒருவர் எழுதினால் பதிலே போடாதேங்கோ. சான்றிதழ்க் காசுதான் அவருக்கு வேணும்.

பரந்தன்சந்தி:
நன்றி அக்கா. இப்ப பதிந்த பெயரை அடுத்த கிழமையே விற்கலாமோ?

மாங்குளம்_நெட்:
விற்கலாம். புதிதாகப் பதிந்த பெயரை 60 நாளுக்கு வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது. ஆனால் வாங்குபவர் அதே பதிவாளரிடம் கணக்குத் திறந்தால் உள்ளுக்குள்ளேயே அவர் கணக்குக்குத் தள்ளிவிடலாம், பெரும்பாலும் சில நிமிட வேலை. 60 நாள் கடந்த பிறகு என்றால் உங்கள் கணக்கில் மாற்றத்தைத் தடுக்கும் பூட்டைத் திறந்து, பதிவாளர் தரும் மாற்றக் குறியீட்டை எடுத்து அவருக்குக் கொடுங்கள், ஐந்து நாளளவில் போய்விடும். இடையில் உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்த வேண்டாம், திருத்தினால் இன்னொரு 60 நாள் பூட்டு விழக்கூடும்.